ஷார்ட் பால், பவுன்சர் எப்படி ஆடுறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெட்ஸ்ல பசங்க கேட்டது, பசங்களை கூட்டிட்டு வர்ற அப்பா அம்மா கேட்டது, மேட்ச் முடிஞ்சு விரல் வீங்கிப் போய் உட்கார்ந்திருந்தவங்க கேட்டது, எல்லாத்தையும் சேர்த்து ஒரே இடத்துல எழுதுறேன். வலது கை பேட்ஸ்மேனை வச்சுதான் சொல்லியிருக்கேன், இடது கை ஆட்கள் அப்படியே திருப்பிப் போட்டுக்கோங்க.

கேள்வி: ஷார்ட் பாலும் பவுன்சரும் ஒண்ணுதானா?

எல்லா பவுன்சரும் ஷார்ட் பால்தான், ஆனா எல்லா ஷார்ட் பாலும் பவுன்சர் ஆகாது. பவுலர் நம்மகிட்ட இருந்து தள்ளி, பிட்ச்சோட நடுப்பகுதி பக்கமா குத்தி இடுப்புக்கு மேல எழும்பி வர்றது எல்லாமே ஷார்ட் பால். அதுல தோளுக்கு மேல வர்றதைத்தான் பவுன்சர்னு அம்பயர் கணக்கு வைப்பார். நீங்க பயப்பட வேண்டிய வரிசைய நான் சொல்லணும்னா தலைக்கு மேல போறது ஒண்ணுமே இல்ல, விலாவுக்கும் கழுத்துக்கும் நடுவுல வர்றதுதான் ஆளை அவுட் ஆக்குறது. நிறைய பேர் பவுன்சருக்கு மட்டும் தயாராகிட்டு வந்து இந்த நெஞ்சு உயர பந்துல கிளவுஸ்ல பட்டு ஷார்ட் லெக்குக்கு (லெக் சைடுல பேட்ஸ்மேனை ஒட்டி நிக்கிற ஃபீல்டர்) கேட்ச் குடுத்துட்டு போறாங்க.

கேள்வி: ஒரு ஓவர்ல எத்தனை பவுன்சர் போடலாம்?

டெஸ்ட்லயும் ஒன்டேலயும் ஓவருக்கு 2, சர்வதேச டி20ல 1. ஐபிஎல்ல 2024ல இருந்து 2 ஆக்கிட்டாங்க. அதுக்கு மேல தோளுக்கு மேல போட்டா நோ பால். நிமிர்ந்து நின்னா தலைக்கு மேல போற பந்துக்கு வைடு குடுப்பாங்க, ஆனா அதுவும் அந்த ஓவர் கணக்குல சேர்ந்துடும். 1991ல ஐசிசி முதல்ல ஒரு பேட்ஸ்மேனுக்கு ஓவருக்கு ஒண்ணுதான்னு கொண்டு வந்தாங்க, அப்புறம் 1994ல ரெண்டா மாத்தினாங்க. அதுக்கு முன்னாடி அம்பயர் தலையிட்டாத்தான் உண்டு, ஆறு பந்தும் மூஞ்சிக்கே போடலாம், அதையும் ஹெல்மெட் இல்லாம ஆடியிருக்காங்க.

இந்த எண்ணிக்கைய மைதானத்துல நீங்களும் எண்ணணும். சர்வதேச டி20ல ஒண்ணு போட்டு முடிச்சுட்டார்னா அந்த ஓவர்ல தோளுக்கு மேல இனி வராது, வந்தா நோ பால், அப்போ தைரியமா கால முன்னாடி போடலாம். இத எண்ணாம நிக்கிற பேட்ஸ்மேன பார்த்தா எனக்கு ஆதங்கமா இருக்கும்.

கேள்வி: எனக்கு பயமா இருக்கு, பயம் போக என்ன பண்றது?

பயம் போகாது. போகவும் வேண்டாம். 156ல இருந்து 163 கிராம் வரைக்கும் எடை உள்ள ஒரு கெட்டியான பந்து, மணிக்கு 140 கிலோமீட்டர்ல வருதுன்னா யாருக்கா இருந்தாலும் உடம்பு பதறத்தான் செய்யும். பயம் இருக்கிறவன் தப்பான பேட்ஸ்மேன் கிடையாது, பயத்துல பந்தை விட்டு கண்ணை எடுக்கிறவன்தான் அடி வாங்குறான். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப் போறதுல ஒரே ஒரு விஷயம் மட்டும் மனசுல நின்னா போதும்னா அது இதுதான், கடைசி வரைக்கும் பந்தைப் பாருங்க. டக் பண்ணினாலும் (உட்காருற மாதிரி இறங்கி பந்தை விட்டாலும்) பாருங்க, விட்டாலும் பாருங்க, உடம்புல படப் போகுதுன்னு தெரிஞ்சாலும் பாருங்க.

1982-83ல மொகிந்தர் அமர்நாத் வெஸ்ட் இண்டீஸ் போய் 5 டெஸ்ட்ல 598 ரன் அடிச்சார், எதிர்ல வேகப் பந்து போட ஹோல்டிங், மார்ஷல், கார்னர், ராபர்ட்ஸ். பார்படாஸ்ல மூஞ்சில அடிபட்டு வெளிய போய் தையல் போட்டுட்டு திரும்ப வந்து 80 வரைக்கும் போனார். அவருக்கு பயமே இல்லன்னு எல்லாரும் சொல்வாங்க, இருந்திருக்கும், ஆனா கண்ணு பந்தை விடல. அதே அமர்நாத் அதே வருஷக் கடைசில அதே வெஸ்ட் இண்டீஸ் இந்தியா வந்தப்போ 6 இன்னிங்ஸ்ல மொத்தமே 1 ரன்தான். இத எதுக்கு சொல்றேன்னா ஷார்ட் பால நல்லா ஆடுறது ஒரு தடவை கத்துக்கிட்டு பெட்டில பூட்டி வைக்கிற சமாச்சாரம் இல்ல, எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் கை விட்டுப் போகும், திரும்ப உட்கார்ந்து பழகணும்.

கேள்வி: பந்து குத்தி எழும்பினதும் தலை தானா திரும்பிடுது, கண்ணு மூடிக்குது. என்ன பண்ணலாம்?

இது ரொம்ப முக்கியமான கேள்வி, கொஞ்சம் விரிவாவே சொல்றேன். நான் பார்த்துக்கிட்ட ஒரு பையன், பதினஞ்சு வயசு இருக்கும், நல்ல டிரைவ் ஆடுவான், ஆனா ஷார்ட்டா போட்டா தோள்லயும் முதுகுலயுமா அடி. நான் பார்த்துட்டுதான் ஆடுறேன்னு சத்தியம் பண்ணான். சரின்னு போன்ல ஸ்லோ மோஷன்ல எடுத்தேன். பந்து பிட்ச்ல குத்துற வரைக்கும் கண்ணு திறந்திருக்கு, குத்தி எழும்பினதும் முதல்ல தாடை இடது தோள்கிட்ட போகுது, அப்புறம் இமை விழுது, அதுக்கப்புறம்தான் முதுகு திரும்புது. பந்து அவனைத் தாண்டும்போது அவன் பார்த்துட்டு இருக்கிறது ஸ்கொயர் லெக் அம்பயரை. அந்த வீடியோவ அவனே மூணு தடவை பார்த்தான், ஒண்ணும் பேசல.

அவனுக்கு நான் பண்ண வச்சது இதுதான். பேட்டை கீழ வச்சுட்டு ஹெல்மெட் போட்டு கிரீஸ்ல நிக்கணும், நான் பன்னெண்டு பதிமூணு கெஜத்துல இருந்து சாஃப்ட்டான டென்னிஸ் பால மூஞ்சிக்கு எறிவேன். பால்ல பெரிசா ஒரு நம்பர் ஸ்கெட்ச் பேனால எழுதியிருக்கும். அடிக்கவும் வேண்டாம் பிடிக்கவும் வேண்டாம், விலகிட்டு நம்பர சொல்லணும். முதல் நாள் பத்துக்கு ரெண்டு சொன்னான். மூணு வாரத்துல எட்டு ஒன்பது சொல்ல ஆரம்பிச்சான். நம்பர் சொல்ல ஆரம்பிச்சப்புறம் அவன் தலை திரும்புறது நின்னு போச்சு, நான் தலைய திருப்பாதேன்னு ஒரு தடவை கூட சொல்லல. வாயால சொல்லி இத மாத்த முடியாது, கண்ணுக்கு ஒரு வேலை குடுக்கணும்.

கேள்வி: அவ்வளவு வேகத்துல யோசிக்க எங்க நேரம் இருக்கு?

யோசிக்க நேரம் இல்ல, பார்க்க நேரம் இருக்கு. ரெண்டு பக்க கிரீஸுக்கும் நடுவுல ஏறக்குறைய 17.7 மீட்டர். 140 கிலோமீட்டர் வேகம்னா ஒரு செகண்டுக்கு 39 மீட்டர் கிட்ட வருது, ஆக கைய விட்டு வந்து உங்ககிட்ட சேர அரை செகண்டுதான். ஷார்ட்டா குத்துற பந்து பிட்ச்ல மோதி வேகம் கொஞ்சம் குறைஞ்சுதான் வரும், அதனால யார்க்கரை (நேரா காலடியில குத்துற பந்து) விட பவுன்சருக்கு நமக்கு ஒரு மூச்சு நேரம் கூடுதலாவே கிடைக்குது, நம்ப மாட்டீங்க ஆனா நிஜம்.

அந்த நேரத்தை வீணாக்குறது எதுன்னா பவுலர் கைய விட்டு பந்து வரும்போது நம்ம கால் இன்னும் நகர்ந்துட்டு இருக்கிறதுதான். ட்ரிகர் மூவ்மெண்ட் (பந்து வர்றதுக்கு முன்னாடி கால்ல வைக்கிற சின்ன அசைவு) வச்சுக்கோங்க, பேக் அண்ட் அக்ராஸ் (பின்னாடியும் குறுக்காவும்) போங்க, எது வேணா பண்ணுங்க, ஆனா பந்து கையை விட்டு வெளிய வரும்போது தலை அசையாம நின்னிருக்கணும், எடை குதிகால்ல விழாம பாதத்தோட முன்பக்கத்துல இருக்கணும். குதிகால்ல நின்னா எந்தப் பக்கமும் நகர முடியாது.

கேள்வி: ஷார்ட்டா வரப் போகுதுன்னு முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். பவுலர் பந்தை விடுற இடத்தைப் பாருங்க. ஃபுல்லா (பேட்ஸ்மேன் கால் பக்கமா) போடுறப்போ கை உயரத்துல இருக்கும்போதே பந்து வெளிய வந்துடும், ஷார்ட்டா போடுறப்போ கொஞ்சம் லேட்டா, கை முன்னாடி கீழ இறங்கும்போது விடுவார், பந்து கண்ணு மட்டத்துக்கு மேல போகாம நேரா கீழ நோக்கிப் போகும். சில பவுலர் பவுன்சருக்கு ஓடி வர்றதே கொஞ்சம் வேகம் கூட்டி வருவாங்க, தோளை இழுத்துப் போடுவாங்க. ஃபைன் லெக் ஃபீல்டர் நாலு அடி பின்னாடி போறது, ஷார்ட் லெக் உள்ள வர்றது, இதெல்லாம் கடிதம் போட்டு சொல்ற மாதிரி.

பேட்ஸ்மேன் கண்ணு எங்க போகுதுன்னு ஆராய்ச்சி பண்ணிப் பார்த்திருக்காங்க, யாருமே பந்தை வழி முழுக்க தொடர்ந்து பார்க்கிறது இல்ல. கைய விட்டு வர்றத பார்த்துட்டு, பந்து குத்தப் போற இடத்துக்கு கண்ணு முன்னாடியே தாவிப் போய் காத்திருக்குது, அப்புறம் எழும்பி வர்றத பிடிக்குது. நல்ல பேட்ஸ்மேனுக்கு அந்தத் தாவல் சீக்கிரம் நடக்குது, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால ஆரம்பத்துலயே பவுலரோட கையப் பார்க்கணும். மூஞ்சியப் பார்த்துட்டு நின்னா தாவல் லேட் ஆகும்.

ஆனா முன்கூட்டியே முடிவு பண்ணிட்டு நிக்காதீங்க. அடுத்தது பவுன்சர்தான்னு நினைச்சு பாதி குனிஞ்சு நிக்கிறவனுக்கு லெங்த் பால் வந்தா எல்பி.

கேள்வி: டக் பண்றதா, ஸ்வே பண்றதா? எது நல்லது?

பந்து நல்லா எழும்பி தலை உயரத்துல வருது, ஸ்டம்ப் லைன்ல வருதுன்னா டக். நெஞ்சு, தொண்டை உயரத்துல வருதுன்னா குனியக் கூடாது, குனிஞ்சா நாமளே தலையக் கொண்டு போய் பந்துக்கு நேரா வைக்கிற மாதிரி ஆகிடும், அப்போ ஸ்வே.

டக் பண்றப்போ முட்டிய மடக்கி உட்காருற மாதிரி இறங்கணும், முதுகை வளைச்சு தலைய மட்டும் தாழ்த்துறது தப்பு. கண்ணு பந்து மேல. கையும் பேட்டும் கூடவே கீழ வரணும், நிறைய பேர் உட்கார்ந்துடுவாங்க ஆனா பேட் மட்டும் கொடிக் கம்பம் மாதிரி மேல நிக்கும், பந்து அதுல பட்டு கீப்பர் தலைக்கு மேல எழும்பி கேட்ச். இது எவ்வளவு அநியாயமான அவுட், பந்தை விடணும்னு முடிவு பண்ணி அதுல அவுட் ஆகுறது.

ஸ்வேக்கு இடுப்புல இருந்து மேல் உடம்பை பின்னாடி சாய்க்கணும், கை ரெண்டும் கீழ தொங்கணும், பந்து மூக்குக்கு முன்னாடி போறத நீங்க பார்க்கணும். கவாஸ்கர், டிராவிட் ஆடின பழைய வீடியோ எடுத்துப் பாருங்க, பந்து எழும்பின அந்த நொடில மணிக்கட்டு ரெண்டும் கீழ விழும், ஷாட்ட விட அழகா இருக்கும் அது. கவாஸ்கர் வெஸ்ட் இண்டீஸ் மேல மட்டும் 13 டெஸ்ட் செஞ்சுரி போட்டிருக்கார், அதுல பாதி இந்த மாதிரி விட்ட பந்துங்களோட பலன்தான்னு நான் சொல்வேன்.

இன்னொண்ணு, ரெண்டுமே பந்து குத்தினதுக்கு அப்புறம்தான். குத்துறதுக்கு முன்னாடியே குனியாதீங்க, எழும்பாம போச்சுன்னா முடிஞ்சுது கதை.

கேள்வி: விலாவுக்கு நேரா வர்ற பந்தை என்ன பண்றது? விடவும் முடியல, அடிக்கவும் முடியல.

இதுதான் இருக்கிறதுலயே கஷ்டம். பேக் ஃபுட்ல கிரீஸுக்குள்ள ஆழமா போங்க, நுனிக்கால்ல எழும்பி உயரமா நில்லுங்க, இடது முழங்கை மேல, மேல் கைதான் (கைப்பிடில மேல இருக்கிற இடது கை) பேட்டைப் பிடிச்சிருக்கணும், கீழ் கை சும்மா கட்டை விரலும் ஒரு விரலும் தொட்டுட்டு இருந்தா போதும். கீழ் கை இறுக்கினா பந்து பேட்டுல பட்டு எகிறிப் போய் ஷார்ட் லெக் கையில உட்காரும், தளர்த்திட்டா காலடியில செத்து விழும். உடம்பு பக்கவாட்டுல இருக்கணும், நெஞ்சைத் திறந்துட்டா பந்து விலாவுக்குள்ள துரத்தி வரும்.

ஆனா பின்னாடி போறப்போ கிரீஸ்ல இருந்து ஸ்டம்புக்கு 4 அடிதான் இருக்குன்னு நினைப்பிருக்கட்டும், ஹிட் விக்கெட் ஆனவங்க ஏராளம்.

ரூல்ல ஒரு உதவி இருக்கு. பேட்டைப் பிடிச்சிருக்கிற கை, கிளவுஸ்ல பட்டா மட்டும்தான் கேட்ச். கைய பேட்டுல இருந்து எடுத்துட்டா அந்தக் கிளவுஸ்ல பட்டு கேட்ச் பிடிச்சாலும் நாட் அவுட். மணிக்கட்டுக்கு மேல முன்கையில பட்டாலும் நாட் அவுட். அதனால கடைசி நேரத்துல கீழ் கைய விட்டுட்டீங்கன்னா ஒரு ஆபத்து குறையுது.

கேள்வி: உடம்புல வாங்கிக்கிறதும் ஒரு டெக்னிக்கா?

சில சமயம், ஆமா. 2021 ஜனவரில பிரிஸ்பேன் காபா டெஸ்ட்டோட கடைசி நாள், புஜாரா 211 பந்துல 56. பத்து தடவையாவது அடி வாங்கியிருப்பார், ஹெல்மெட்ல, விலாவுல, விரல்ல. பிட்ச்சோட ஒரு முனையில பந்து திடீர்னு எழும்பிட்டு இருந்துது, கைய தூக்கிட்டுப் போனா கேட்ச் ஆகிடும்னு கைய தாழ வச்சுக்கிட்டு உடம்பைக் குடுத்தார். இந்தியா 328 ரன்ன துரத்தி 3 விக்கெட்ல ஜெயிச்சுது. எனக்கு அந்த இன்னிங்ஸ் மேல தனி மரியாதை.

ஆனா இது முழு பாதுகாப்போட ஆடுற, பல வருஷம் பழகின ஆளுங்க விஷயம். தோள், மேல் கை, தொடையில வாங்கலாம், அதுவும் பந்தைப் பார்த்துட்டே. தலை, கழுத்து, கை விரல் எப்பவும் இந்தக் கணக்குல சேராது. ஸ்கூல் பசங்க இத காப்பி அடிக்காதீங்கப்பா.

உடம்புல பட்டு ஓடி எடுத்தா லெக் பை கிடைக்கும், நீங்க ஆட முயற்சி பண்ணியிருக்கணும் இல்ல விலக முயற்சி பண்ணியிருக்கணும், சும்மா நின்னு வாங்கினா கிடையாது.

கேள்வி: புல் ஷாட், ஹூக் ஷாட் வித்தியாசம் என்ன, எப்படி ஆடுறது?

இடுப்புல இருந்து நெஞ்சு வரைக்கும் வர்றத படுக்கை பேட்டால மிட்விக்கெட், ஸ்கொயர் லெக் பக்கம் அடிக்கிறது புல். தோள், தலை உயரத்துல வர்றத ஃபைன் லெக், ஸ்கொயர் லெக் பின்னாடி அடிக்கிறது ஹூக். பார்க்க ஒண்ணு மாதிரி இருக்கும், ஆபத்து வேற வேற.

புல்லுக்கு பின்கால் பின்னாடியும் குறுக்காவும் போகணும், முன்கால் லெக் சைடு பக்கம் திறந்து வழி விடணும், நெஞ்சு பவுலரைப் பார்க்கும். பேட் மேல இருந்து கீழ வரணும், இது ரொம்ப முக்கியம், பேக் லிஃப்ட் கீழ இருந்தா பேட் கீழ இருந்து மேல போகும், பந்து ஆகாசத்துக்குத்தான் போகும். கை நல்லா நீண்டு மூஞ்சிக்கு முன்னாடி பந்தைச் சந்திக்கணும், உடம்புகிட்ட விட்டு அடிச்சா டாப் எட்ஜ் (பேட்டோட மேல் ஓரத்துல பட்டு எழும்புறது). பட்டதும் மணிக்கட்டை உருட்டினா தரையோட போகும். தலை ஆஃப் சைடு பக்கம் சாயக் கூடாது, சாய்ஞ்சா பேலன்ஸ் போச்சு. ஆரம்பத்துல ஓங்கி அடிக்காதீங்க, வேகம் பவுலரே குடுத்துட்டார், நமக்கு வேண்டியது திசை திருப்புறது மட்டும்தான்.

ஹூக்குக்கு எல்லாம் அதேதான், ஆனா ஒரு விஷயம் கூட, பந்தோட லைனுக்கு உள்ள போகணும். அதாவது தலை பந்துக்கு ஆஃப் சைடு பக்கம் இருக்கணும், மிஸ் ஆனா பந்து இடது தோளுக்கு மேல போயிடணும். லைன்லயே நின்னு ஹூக் ஆடினா மிஸ் ஆகுற பந்து வந்து சேருற இடம் மூஞ்சி. அதனாலதான் ஆஃப் ஸ்டம்புக்கு வெளிய வர்ற பவுன்சரை ஹூக் ஆடாதீங்கன்னு சொல்றது, அங்க உள்ள போகவே முடியாது, இழுத்து அடிக்கணும், இழுத்தா மேல போகும்.

பான்டிங் புல் பார்த்தீங்கன்னா ஃப்ரண்ட் ஃபுட்ல கூட ஆடுவார், ரோஹித் ஷர்மாவும் அப்படித்தான், பின்னாடி பெரிசா போக மாட்டார். அவங்க லெங்த்த அவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறாங்க, நாம முதல்ல பின்னாடி போய் பழகுவோம்.

கேள்வி: ஹூக் ஆடலாமா, இல்ல அத தூக்கி ஓரமா வச்சுடலாமா?

இதுல ரெண்டு கட்சி இருக்கு, நான் ஓரமா வைக்கிற பக்கம் சாய்றவன். ஆஸ்திரேலியாவோட ஸ்டீவ் வா தன்னோட ஆட்டத்துல இருந்து ஹூக்கையே எடுத்துட்டார், எல்லாரும் அவருக்கு ஷார்ட் பால் ஆடத் தெரியலன்னு பேசினாங்க, 1995ல கிங்ஸ்டன்ல ஆம்ப்ரோஸ், வால்ஷ் இருந்த வெஸ்ட் இண்டீஸ் டீம் மேல 200 அடிச்சு சீரிஸ ஜெயிச்சுட்டு வந்தாங்க. இன்னொரு பக்கம் விவ் ரிச்சர்ட்ஸ், ஹெல்மெட்டே போட மாட்டார், ஷார்ட்டா போட்டா அடிதான்.

உங்களுக்கு எதுன்னு எப்படி முடிவு பண்றது? நெட்ஸ்ல 20 ஷார்ட் பாலுக்கு எத்தனை தரையோட போகுதுன்னு எண்ணுங்க. பாதிக்கு மேல காத்துல போகுதுன்னா மேட்ச்ல லாங் லெக்கும் டீப் ஸ்கொயர் லெக்கும் பின்னாடி நிக்கிறப்போ ஆடக் கூடாது. நீல் வாக்னர் மாதிரி ஆளுங்க முழு ஸ்பெல்லும் இதுக்காகவே போடுவாங்க, பெரிய வேகம் கூட கிடையாது, லெக் சைடுல ஆள நிறுத்தி வச்சுட்டு பேட்ஸ்மேனோட பொறுமைய பார்ப்பாங்க. ஆண்டி ராபர்ட்ஸ் இன்னும் கெட்டிக்காரர், ரெண்டு பவுன்சர் வச்சிருந்தார், முதல்ல கொஞ்சம் மெதுவா ஒண்ணு வரும், நீங்க அடிச்சுடுவீங்க, சந்தோஷப்படுவீங்க, அதே ஆக்‌ஷன்ல அடுத்தது வேகமா வரும். அதனால ஒரு ஹூக் நல்லா பட்டுதுன்னு அடுத்ததையும் கண்ண மூடிட்டு அடிக்கப் போகாதீங்க.

கேள்வி: அப்பர் கட்?

ஆஃப் ஸ்டம்புக்கு வெளிய, தோள் உயரத்துல, இடம் கிடைச்சா மட்டும். 2003 உலகக் கோப்பை செஞ்சுரியன் மேட்ச்ல சச்சின் ஷோயப் அக்தர் பந்தை தேர்ட் மேன் பக்கமா சிக்ஸர் அனுப்பினது எல்லாருக்கும் மனப்பாடம். பந்துக்கு அடியில பேட்டை வச்சு வேகத்தை அப்படியே உபயோகிக்கிறது. தேர்ட் மேன் பவுண்டரில ஆள் இருந்தா மறந்துடுங்க.

கேள்வி: உயரமான பவுலர் கஷ்டமா, குள்ளமான பவுலர் கஷ்டமா?

கார்னர் 6 அடி 8 அங்குலம், ஆம்ப்ரோஸ் 6 அடி 7. இவங்க பந்து செங்குத்தா எழும்பும், முழு லெங்த்தை விட கொஞ்சம் ஷார்ட்டா குத்தினாலே நெஞ்சுக்கு வரும், அதனால எத விடுறது எத ஆடுறதுன்னு குழப்பம். மார்ஷல் 6 அடிக்கு கொஞ்சம் கம்மி, அவரோட பவுன்சர் எழும்பாது, வழுக்கிட்டு வந்து தொண்டைக்கு நேரா நிக்கும், டக் பண்ணி தப்பிக்க முடியாது. வழுக்கி வர்ற பவுலருக்கு ஸ்வேயும் கை தாழ்த்துறதும்தான் மருந்து, உயரமான ஆளுக்கு கிரீஸ்ல பின்னாடி போறது உதவும்.

லெஃப்ட் ஆர்ம் பவுலர் ரவுண்ட் த விக்கெட் (ஸ்டம்புக்கு மறுபக்கத்துல இருந்து) வந்து வலது கை பேட்ஸ்மேனுக்குப் போட்டாலும், ரைட் ஆர்ம் பவுலர் ரவுண்ட் த விக்கெட் வந்து இடது கை பேட்ஸ்மேனுக்குப் போட்டாலும் பந்து உடம்பைத் துரத்தி உள்ள வரும். ஸ்டான்ஸ்ல முன் தோளைக் கொஞ்சம் திறந்துக்கோங்க, ரெண்டு கண்ணாலயும் பார்க்கணும். பக்கவாட்டா ரொம்ப மூடிட்டு நின்னா ஒத்தைக் கண்ணால பார்க்கிற மாதிரி ஆகும்.

கேள்வி: பவுன்சரை நல்லா விட்டுடுறேன், ஆனா அதுக்கு அடுத்த பந்துல அவுட் ஆகுறேன். ஏன்?

ஏன்னா பவுன்சரே அடுத்த பந்துக்காகத்தான் போடுறாங்க. உங்க காலை கிரீஸுக்குள்ள ஆணியடிச்சுட்டு ஆஃப் ஸ்டம்புக்கு வெளிய ஃபுல்லா ஒண்ணு, கால் நகராது, கை மட்டும் போகும், ஸ்லிப்ல கேட்ச். இல்லன்னா யார்க்கர். இதுக்கு நான் பண்றது, பவுன்சர் போனதும் கிரீஸ விட்டு வெளிய வந்து ஸ்கொயர் லெக் பக்கம் நாலு எட்டு நடந்துட்டு வருவேன், பேட்டால பிட்ச்ல தட்டுவேன், திரும்ப கார்டு எடுத்துட்டு (நிக்கிற இடத்தை சரி பண்ணிட்டு) முன்காலை ஒரு தடவை முன்னாடி வச்சுப் பார்த்துட்டு நிப்பேன். கால் நகரும்னு காலுக்கே ஞாபகப்படுத்துற மாதிரி. பவுலர் முறைச்சா முறைக்கட்டும், நமக்கு அவர் மூஞ்சில வேலை இல்ல.

கேள்வி: வேகமான பவுலர் எங்க டீம்ல இல்ல, எப்படி ப்ராக்டிஸ் பண்றது?

டென்னிஸ் பால நனைச்சு சிமெண்ட் தரையில போடச் சொல்லுங்க, சர்ருனு வழுக்கி எழும்பி மூஞ்சிக்கு வரும், பட்டாலும் பெரிசா ஒண்ணும் ஆகாது. பதினாறு கெஜத்துல இருந்து த்ரோ டவுன் (கையால எறியுறது), சைடு ஆர்ம் (பந்தை வேகமா எறிய உதவுற நீளமான கருவி) இருந்தா இன்னும் நல்லது, இப்போ பெரிய டீம் எல்லாம் அதுலதான் பழகுறாங்க. முதல் வாரம் வெறும் விடுறது, ரெண்டாவது வாரம் விடுறதும் தடுக்கிறதும், அப்புறம்தான் புல். நிறைய பேர் முதல் நாளே புல்லுக்குப் போயிடுறாங்க, விடத் தெரியாதவன் கையில புல் ஷாட் குடுக்கிறது நீச்சல் தெரியாதவனை ஆழத்துல இறக்குற மாதிரி. எறியுறவர் நடுநடுவுல ஃபுல்லாவும் போடணும், வெறும் ஷார்ட்டாவே போட்டா உடம்பு முன்னாடியே பின்னாடி போகப் பழகிடும்.

கேள்வி: ஹெல்மெட்ல எத பார்த்து வாங்கணும்?

கிரில்லுக்கும் மேல இருக்கிற வளைவுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியில பந்து நுழையக் கூடாது, கடையில ஒரு பந்தை வச்சே பார்த்துடலாம். தலைய உதறினா ஹெல்மெட் ஆடக் கூடாது. பெரிய அடி ஒண்ணு பட்டா மாத்திடணும், வெளிய கீறல் இல்லன்னாலும் உள்ள விரிசல் இருக்கலாம். பின் கழுத்துக்கு கார்டு போடுங்க. 2014 நவம்பர் 25 சிட்னில ஃபில் ஹியூஸுக்கு ஹெல்மெட்டுக்குக் கீழ கழுத்துல பட்டுது, ரெண்டு நாள்ல இறந்துட்டார், 26 வயசு ஆக இன்னும் மூணு நாள் இருந்துது. நெக் கார்டு வந்ததே அதுக்கு அப்புறம்தான். ஆஸ்திரேலியா 2023 அக்டோபர்ல இருந்து தங்களோட ஆட்டக்காரங்களுக்கு அத கட்டாயமாவே ஆக்கிட்டாங்க. அது போட்டா அசௌகரியமா இருக்குன்னு கழட்டுற பசங்ககிட்ட நான் கறாரா இருப்பேன், போட்டாத்தான் நெட்ஸ்.

செஸ்ட் கார்டு, ஆர்ம் கார்டு பழகுற காலத்துல கண்டிப்பா போடுங்க, வலிக்காதுன்னு தெரிஞ்சா கண்ணு தானா திறந்திருக்கும்.

கேள்வி: என் பொண்ணுக்கு 12 வயசு, இப்பவே பவுன்சர் ஆட விடலாமா?

டென்னிஸ் பால்ல தாராளமா. லெதர் பால்ல அவசரம் வேண்டாம். 13 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு பந்தே சின்னது, 133ல இருந்து 144 கிராம்தான், அதுலயே பழகட்டும். மேட்ச்ல யாராவது வேகமா மூஞ்சிக்குப் போட்டுட்டே இருந்தா அம்பயர்கிட்ட சொல்லுங்க, பேட்ஸ்மேனோட திறமைய வச்சு பார்த்து ஆபத்துன்னு பட்டா நோ பால் குடுக்க அவருக்கு அதிகாரம் இருக்கு, ஹெல்மெட் போட்டிருக்காங்களேன்னு காரணம் சொல்லக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. பொண்ணு பயந்து ஒதுங்கினா திட்டாதீங்க, மத்தவங்க முன்னாடி சுத்தமா வேண்டாம்.

கேள்வி: ஹெல்மெட்ல அடி பட்டுடுச்சு, தொடர்ந்து ஆடலாமா? எப்போ திரும்ப வரலாம்?

வெளிய வந்துடுங்க. தலை சுத்தல், வாந்தி, வெளிச்சம் கூசுறது, ஸ்கோர் மறந்து போறது, தூக்கம் தூக்கமா வர்றது, இதுல ஒண்ணு இருந்தாலும் டாக்டர்கிட்ட, அன்னைக்கே. ஒண்ணுமே தெரியலன்னாலும் அன்னைக்கு ஆட்டம் வேண்டாம், அறிகுறி சில மணி நேரம் கழிச்சும் வரும். 2019 லார்ட்ஸ்ல ஸ்டீவ் ஸ்மித்துக்கு ஆர்ச்சர் பந்து கழுத்துல பட்டுது, அன்னைக்கு திரும்ப வந்து 92 வரைக்கும் ஆடினார், மறுநாள் காலையில தலைவலியும் மந்தமாவும் இருந்துதுன்னு எடுத்துட்டாங்க. அவருக்குப் பதிலா இறங்கின லபுஷேன்தான் டெஸ்ட்ல முதல் கன்கஷன் சப்ஸ்டிட்யூட் (தலையில அடிபட்டவருக்குப் பதிலா ஆட வர்றவர்), அந்த ரூல் வந்து அப்போ மாசம் கூட ஆகல. ஸ்மித் அடுத்த டெஸ்ட்டும் ஆடல.

டாக்டர் சரின்னு சொன்னப்புறம் திரும்ப வர்றப்போ நேரா வேகப் பந்துக்கு நிக்காதீங்க. முதல் நாள் பேட் இல்லாம, நம்பர் எழுதின அந்த டென்னிஸ் பால், பத்தே பத்து. நம்பர் தெரிஞ்சா மறுநாள் பேட் எடுங்க, தெரியலன்னா இன்னொரு பத்து.